கம்ப்யூட்டர் சொல்லும் இதய ரிஸ்க் சதவீதம்: எவ்வளவு நம்பலாம்?

இன்டர்நெட்டில் இதய நோய் ரிஸ்க் கால்குலேட்டர் என்று தேடிப் பாருங்கள். பத்து நிமிடத்தில் பத்து வெப்சைட்டுகள் கிடைக்கும். வயது, ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால், சர்க்கரை நோய் உண்டா, புகை பிடிப்பவரா என்று சில கேள்விகள் இருக்கும். பதில்களை டைப் செய்து பட்டனை கிளிக் செய்தால், அடுத்த 10 ஆண்டுகளில் உங்களுக்கு மாரடைப்போ பக்கவாதமோ வர எத்தனை சதவீதம் வாய்ப்பு என்று திரையில் ஒரு எண் வந்து நிற்கும். மொபைல் போனிலும் இதே வேலையைச் செய்யும் ஆப்கள் பல உள்ளன.

நான் சாப்ட்வேர் என்ஜினியர். இந்த கால்குலேட்டர்களுக்கு நான் எதிரி அல்ல. சரியாகப் பயன்படுத்தினால் இவை மிகவும் உபயோகமானவை. ஆனால் இவற்றை வீட்டில் நாமே பயன்படுத்தும்போது, குறிப்பாக பிரஷர் உள்ளவர்களுக்குப் போட்டுப் பார்க்கும்போது, ஒரு பெரிய தவறு நடக்க வாய்ப்பு உள்ளது. அந்தத் தவறு தூத்துக்குடியில் எங்கள் வீட்டிலேயே நடந்தது. செய்தது நான்தான்.

ஒரு டிக் மார்க்கை விட்டதால்...

என் அப்பா துறைமுகத்தில் டாலி கிளார்க். கப்பலில் ஏறும், இறங்கும் சரக்கை எண்ணிக் குறித்துக் கொள்வதுதான் வேலை. வாழ்நாள் முழுவதும் எண்ணிக்கையோடு பழகியவர் என்பதால், பேப்பரில் ஒரு எண் வந்துவிட்டால் அதை அப்படியே நம்புவார். வயது 56. சில ஆண்டுகளாகவே பிரஷருக்கு மாத்திரை சாப்பிட்டு வந்தார். சர்க்கரை இல்லை, பீடி சிகரெட் பழக்கமும் இல்லை.

ஒரு விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தபோது லேப்டாப்பில் ஒரு வெளிநாட்டு கால்குலேட்டரைத் திறந்து அப்பாவின் விவரங்களைக் கொடுத்தேன். வயது 56, மொத்த கொலஸ்ட்ரால் 190, எச்.டி.எல். 40, மேல் பிரஷர் 128. எண்டர் தட்டியதும் 13 சதவீதம் என்று வந்தது. "பயப்பட ஒன்றும் இல்லைப்பா, நூற்றில் பதிமூன்றுதான்" என்று சொல்லிவிட்டு நானும் சென்னைக்கு பஸ் ஏறிவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து அம்மா போன் செய்தார். "அப்பா மாத்திரையைத் தொட்டே ரெண்டு மாசம் ஆச்சுல்லா. இன்னைக்கு வீட்டுக்கு வந்து பிரஷர் பார்த்த பொண்ணு 168க்கு 100ன்னு சொல்லுது" என்றார். அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் எங்கள் தெருவுக்கு வரும் தன்னார்வலர்தான் அந்தப் பெண். அப்பாவிடம் போனைக் கொடுக்கச் சொல்லிக் கேட்டேன். "கம்ப்யூட்டரே கம்மின்னு சொல்லிட்டு. பெறகு எதுக்குலே மாத்திரை?" என்று திருப்பிக் கேட்டார்.

அன்று இரவு அதே கால்குலேட்டரை மீண்டும் திறந்து பார்த்தேன். "பிரஷருக்கு மருந்து சாப்பிடுகிறாரா?" என்று ஒரு சிறிய கட்டம் இருந்தது. அதில் நான் டிக் செய்யவே இல்லை. டிக் செய்தேன். 13 என்பது 17.5 ஆக மாறியது.

பார்முலாவைப் பிரித்துப் பார்த்தால்

அந்த வெப்சைட் பயன்படுத்தியது பிரமிங்ஹாம் பார்முலா. 2008-ல் வெளியான இந்த பார்முலாவை நீங்களே எக்செல்லில் போட்டுப் பார்க்கலாம். கஷ்டமான கணக்கு அல்ல. வயது, கொலஸ்ட்ரால், எச்.டி.எல்., மேல் பிரஷர் ஆகியவற்றின் லாகரிதத்தை எடுத்து, ஒவ்வொன்றையும் அதற்குரிய ஒரு எண்ணால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். புகை பிடித்தால் ஒரு எண்ணையும், சர்க்கரை இருந்தால் ஒரு எண்ணையும் சேர்க்க வேண்டும். அந்தக் கூட்டுத்தொகையில் இருந்து சதவீதத்தைக் கண்டுபிடிக்கலாம்.

இதில் பிரஷருக்கு மட்டும் இரண்டு பெருக்கு எண்கள் உள்ளன. மருந்து சாப்பிடாதவருக்கு 1.93, சாப்பிடுபவருக்கு 2.00. பார்ப்பதற்கு மிகச் சிறிய வித்தியாசம்தான். ஆனால் அதுவே 13-ஐ 17.5 ஆக்குகிறது. காரணம் எளிமையானது. இயல்பாகவே 128 உள்ளவரும், மாத்திரையால் 128-க்கு வந்தவரும் ஒன்றல்ல. இரண்டாமவரின் ரத்தக் குழாய்கள் பல ஆண்டுகள் அதிக அழுத்தத்தைத் தாங்கியிருக்கின்றன.

என் தவறு இத்துடன் முடியவில்லை. 128 என்பது மாத்திரை செய்த வேலை. அதை அப்பாவின் சொந்த பிரஷர் போலக் கணக்கிட்டு, "ரிஸ்க் குறைவு, ஆகவே மாத்திரை வேண்டாம்" என்ற முடிவுக்கு அவரை வர வைத்துவிட்டேன். குடை பிடித்துக்கொண்டு நடந்து வந்தவர், "நான் நனையவில்லை, அதனால் குடை தேவையில்லை" என்று சொல்வதைப் போன்றது இது. மாத்திரை இல்லாமல் 168 என்று போட்டுக் கணக்கிட்டால் அதே பார்முலா 21 சதவீதம் என்கிறது.

17.5-க்கும் 21-க்கும் பெரிய வித்தியாசம் இல்லையே என்று சிலர் கேட்கலாம். மாத்திரையை நிறுத்தினால் என்ன ஆகும் என்று சொல்வதற்காக இந்த பார்முலா உருவாக்கப்படவில்லை என்பதை நினைவில் கொள்ளுங்கள். அதற்கு வேறு ஆய்வுகளைப் பார்க்க வேண்டும். 2002-ல் லான்செட் மருத்துவ இதழில் 61 ஆய்வுகளைச் சேர்ந்த சுமார் 10 லட்சம் பேரின் தகவல்களை ஒன்றாக வைத்து ஒரு கட்டுரை வந்தது. 40 முதல் 69 வயது வரை உள்ளவர்களில், மேல் பிரஷர் ஒவ்வொரு 20 பாயிண்ட் கூடும்போதும், மாரடைப்பு போன்ற இதய நோயால் இறப்பவர்கள் இரு மடங்காகவும், பக்கவாதத்தால் இறப்பவர்கள் இரு மடங்குக்கும் அதிகமாகவும் இருந்தனர். இந்த ஏற்றம் 115 என்ற அளவிலேயே தொடங்கிவிடுகிறது. 128-க்கும் 168-க்கும் இடையே 40 பாயிண்ட். மாத்திரையை நிறுத்திய மறுநாளே ஆபத்து நான்கு மடங்கு ஆகிவிடும் என்று இதற்குப் பொருள் அல்ல. ஆனால் ஆண்டுக்கணக்கில் அந்த அளவிலேயே இருந்தால் எந்தப் பக்கம் போகிறோம் என்பது தெளிவாகத் தெரிகிறது.

முத்துச் சலாபமும் சதவீதமும்

அப்பாவுக்கு இதை எப்படிப் புரிய வைப்பது? லாகரிதம் பேசிப் பயனில்லை. எங்கள் கடற்கரைக்கு முத்துக்குளித்துறை என்றே பெயர். 1961-க்குப் பிறகு இங்கே முத்துச் சலாபம் நடக்கவில்லை என்றாலும், அந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர் அப்பா. அதையே உதாரணமாக எடுத்துக் கொண்டேன்.

அந்தக் காலத்தில் சலாபம் நடத்துவதற்கு முன் அரசு முதலில் பார்களைப் பரிசோதிக்கும். பார் என்பது கடலடியில் சிப்பிகள் இருக்கும் பாறைத்திட்டு. மாதிரிக்குச் சிப்பிகளை எடுத்து வந்து, அழுக விட்டு, கழுவி முத்துக்களைப் பிரிப்பார்கள். மதிப்பீட்டாளர்கள் அவற்றைப் பார்த்து, ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு ரூபாய் தேறும் என்று கணக்குச் சொல்வார்கள். அதை வைத்துத்தான் சலாபம் நடத்தலாமா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள்.

இந்தக் கணக்கில் மூன்று விஷயங்கள் உள்ளன. முதலாவது, இது பாருக்கான கணக்கு. உங்கள் கையில் இருக்கும் ஒரு சிப்பியில் முத்து இருக்கிறதா என்று இது சொல்லாது. இரண்டாவது, இலங்கைப் பக்கம் அரிப்புக் கடலில் எடுத்த மாதிரியை வைத்து, தூத்துக்குடிக்கு எதிரே உள்ள தொலையாயிரம் பாருக்கு யாரும் விலை சொல்ல மாட்டார்கள். மூன்றாவது, பல ஆண்டுகளுக்கு முன் எடுத்த மாதிரி இந்த ஆண்டுக்கு உதவாது.

ரிஸ்க் கால்குலேட்டரும் இதேதான். 13 சதவீதம் என்றால், அப்பாவைப் போன்ற 100 பேரில் 13 பேருக்கு 10 ஆண்டுகளுக்குள் பாதிப்பு வரும் என்று பொருள். அந்த 13 பேரில் அப்பா ஒருவரா என்பது கம்ப்யூட்டருக்குத் தெரியாது.

அடுத்து, எந்தப் பாரில் எடுத்த மாதிரி? பிரமிங்ஹாம் ஆய்வு 1948-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள அந்தச் சிறு ஊரில் 30 முதல் 62 வயது வரை உள்ள 5,209 பேரை வைத்துத் தொடங்கியது. 1971 முதல் அவர்களது பிள்ளைகளும் சேர்க்கப்பட்டனர். பெரும்பாலும் வெள்ளை இனத்தவர். இதய நோய் பற்றி உலகம் இன்று அறிந்திருப்பதில் பெரும் பகுதி அந்த ஊர் மக்கள் தந்தது. அவர்களுக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். ஆனால் அந்த எண்களை அப்படியே தூத்துக்குடிக்குப் பொருத்த முடியாது. 2004-ல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வில் 52 நாடுகளின் நோயாளிகளை ஒப்பிட்டபோது, தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு மற்றவர்களைவிட சுமார் 6 ஆண்டுகள் முன்னதாகவே வருவது தெரிந்தது.

நமக்கென்று ஒரு அட்டவணை

அப்படியானால் நமக்குப் பொருத்தமானது எதுவும் இல்லையா? இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் புதிய ரிஸ்க் அட்டவணைகளை வெளியிட்டது. உலகத்தை 21 பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனி அட்டவணை கொடுத்துள்ளார்கள். இந்தியா தெற்காசியப் பகுதியில் வருகிறது. 40 முதல் 74 வயது வரை உள்ளவர்களுக்கு இதைப் பயன்படுத்தலாம். கொலஸ்ட்ரால் டெஸ்ட் எடுக்க முடியாதவர்களுக்காக, அதற்குப் பதில் உயரம், எடையை வைத்துப் பார்க்கும் தனி அட்டவணையும் உண்டு. 5 சதவீதத்துக்குக் கீழே பச்சை. பிறகு மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, 30-க்கு மேல் அடர் சிவப்பு என்று நிறங்களால் காட்டியிருப்பதால் யாருக்கும் எளிதில் புரியும்.

இதன் அடிப்படைப் பார்முலா பல நாடுகளின் 85 ஆய்வுகளில் இருந்து வந்தது. அதன் பிறகு ஒவ்வொரு பகுதியின் நோய்க் கணக்குக்கு ஏற்ப அளவைத் திருத்தியிருக்கிறார்கள். வேறு ஊரில் செய்த தராசை நம் ஊர் எடைக்கல்லை வைத்துச் சரி செய்வதைப் போன்றது இது. முழுக்க முழுக்க நம் மக்களை வைத்தே செய்ததற்கு இணை ஆகாதுதான். இருந்தாலும் பிரமிங்ஹாமைவிட நமக்கு நெருக்கமானது.

எந்தக் கால்குலேட்டராக இருந்தாலும், அது எதை எண்ணுகிறது என்று முதலில் பாருங்கள். ஐரோப்பாவில் 2003-ல் வந்த ஸ்கோர் அட்டவணை மரணத்தை மட்டுமே எண்ணியது. 2021-ல் வந்த ஸ்கோர் 2, பிழைத்துக் கொண்டவர்களையும் சேர்த்து எண்ணுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணை மாரடைப்பு, பக்கவாதம் இரண்டையும், உயிர் போனாலும் போகாவிட்டாலும் எண்ணுகிறது. பிரமிங்ஹாம் பார்முலா இதய செயலிழப்பு போன்றவற்றையும் சேர்த்துக்கொள்கிறது. எனவே ஒரே மனிதருக்கு ஒன்றில் 4, இன்னொன்றில் 13 என்று வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். இரண்டும் வேறு வேறு கேள்விகளுக்கான பதில்கள். குறைவான எண்ணைத் தேடிப்பிடித்து நிம்மதி அடைவதுதான் ஆபத்து.

வயதையும் கவனியுங்கள். மேலே சொன்ன அதே விவரங்களில் மாத்திரை இல்லாமல் 168 பிரஷர் உள்ளவரின் வயதை மட்டும் 46 ஆக்கினால், 21 சதவீதம் 12 ஆகக் குறைந்துவிடுகிறது. பிரஷர் அதேதான். 10 ஆண்டுகளை மட்டும் பார்ப்பதால் இளையவர்களுக்கு எண் சிறிதாகத் தெரிகிறது. இந்தக் குறையைப் போக்கவே, 2023-ல் அமெரிக்காவில் வந்த பிரிவென்ட் கால்குலேட்டர் 30 முதல் 59 வயது வரை உள்ளவர்களுக்கு 30 ஆண்டு ரிஸ்க்கையும் காட்டுகிறது.

குப்பையைப் போட்டால் குப்பைதான் வரும்

புரோகிராமிங் படித்த எல்லோருக்கும் இது தெரியும். தவறான தகவலைக் கொடுத்தால் எவ்வளவு நல்ல பார்முலாவும் தவறான விடையைத்தான் தரும். 2016-ல் இங்கிலாந்தில் இதற்கு ஒரு பெரிய உதாரணம் வெளிவந்தது. அங்கே டாக்டர்கள் அப்போது பயன்படுத்திய க்யூரிஸ்க் 2 என்ற கால்குலேட்டர், ஒரு மருத்துவ சாப்ட்வேரில் இணைக்கப்பட்டிருந்தது. பார்முலா சரியாகவே இருந்தது. ஆனால் நோயாளிகளின் பதிவில் உள்ள நோய்க் குறியீடுகள் அந்த பார்முலாவுக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லை. அதனால் பல நோயாளிகளின் ரிஸ்க் தவறாகக் கணக்கிடப்பட்டது. இந்தத் தவறு பல ஆண்டுகள் யார் கண்ணிலும் படாமல் இருந்தது. நான் விட்ட டிக் மார்க்கும் இதே ஜாதிதான்.

வீட்டில் பிரஷர் மெஷின் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். மாடிப்படி ஏறி வந்ததும் அளக்கக் கூடாது. 5 நிமிடம் முதுகைச் சாய்த்து அமைதியாக உட்காருங்கள். டீ, காபி, புகை எல்லாம் அதற்கு அரை மணி நேரம் முன்பே முடிந்திருக்க வேண்டும். கை, இதயத்தின் உயரத்தில் மேஜை மேல் இருக்கட்டும். பட்டை உங்கள் கைக்குச் சரியான அளவா என்று பாருங்கள். அளக்கும்போது பேசாதீர்கள். ஒரு நிமிடம் விட்டு இரண்டாவது முறையும் அளந்து, இரண்டையும் தேதியுடன் எக்செல்லில் பதிவு செய்து வையுங்கள். டாக்டரிடம் போகும்போது ஒரு மாதப் பதிவைக் காட்டினால், அங்கே ஒரே ஒரு முறை அளப்பதைவிட அது அவருக்கு அதிகம் உதவும்.

என் கருத்து

இந்த கால்குலேட்டர்களை டாக்டர்கள் மட்டுமே பயன்படுத்த வேண்டும், பொதுமக்கள் தொடக் கூடாது என்று என் நண்பர்கள் சிலர் சொல்கிறார்கள். நான் ஏற்கவில்லை. ஐ.சி.எம்.ஆர். - இண்டியாப் ஆய்வு 2023-ல் வெளியிட்ட கணக்குப்படி இந்தியாவில் பெரியவர்களில் 35.5 சதவீதம் பேருக்கு உயர் ரத்த அழுத்தம் உள்ளது. ஏறக்குறைய மூன்றில் ஒருவர். இத்தனை பேருக்கும் உட்கார்ந்து விளக்கிச் சொல்ல டாக்டர்களுக்கு நேரம் இல்லை. வலி, காய்ச்சல் என்று எதுவும் காட்டாத நோய் இது. கண்ணுக்குத் தெரியாத ஆபத்தை ஒரு எண்ணாகக் காட்டினால் சிலராவது மாத்திரையைத் தொடர்வார்கள், உப்பையும் ஊறுகாயையும் கருவாட்டையும் குறைப்பார்கள். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். உப்பளங்களுக்கு நடுவே வாழும் எங்கள் ஊர்க்காரர்களுக்கு அது ஒரு டீஸ்பூன்தான் என்று சொன்னால் நம்ப மாட்டார்கள்.

ஆனால் ஒரு நிபந்தனை. இந்த எண்ணை மருத்துவத்தைத் தொடங்கவும் தொடரவும் பயன்படுத்துங்கள். நிறுத்துவதற்கு ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். இது என் சொந்தக் கருத்து மட்டும் அல்ல. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், பிரஷர் 140/90 அல்லது அதற்கு மேல் என்று உறுதியானால், ரிஸ்க் சதவீதம் என்னவாக இருந்தாலும் மருந்து தொடங்கச் சொல்லியிருக்கிறது. ரிஸ்க் கணக்குப் போடுவதற்காக மருந்தைத் தாமதப்படுத்தக் கூடாது என்றும் சொல்கிறது. ஏற்கனவே மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்களுக்கு இந்த கால்குலேட்டர்களே பொருந்தாது. அவர்கள் அதிக ரிஸ்க் உள்ளவர்கள் என்பது கணக்குப் போடாமலே தெரியும்.

என்னைப் போன்ற புரோகிராமர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இப்படி ஒரு ஆப் எழுதினால், மருந்து பற்றிய கேள்வியை வெறும் டிக் கட்டமாக வைக்காதீர்கள். ஆம், இல்லை என்று இரண்டில் ஒன்றைத் தேர்வு செய்யாமல் விடை வரக் கூடாது. எந்த நாட்டு ஆய்வு, எந்த வயது வரை, எதை எண்ணுகிறது என்ற மூன்று வரிகளை விடைக்குப் பக்கத்திலேயே தமிழில் காட்டுங்கள். 13.1 என்று புள்ளி வைத்துக் காட்டி, இல்லாத துல்லியத்தை இருப்பதாக நம்ப வைக்க வேண்டாம். 100 மனித உருவங்களை வரைந்து 13-க்கு மட்டும் நிறம் கொடுத்தால் போதும். எல்லாவற்றுக்கும் மேலாக, "இதைப் பார்த்து மாத்திரையை நிறுத்தாதீர்கள்" என்ற வரி பெரிய எழுத்தில் இருக்கட்டும். இதற்கெல்லாம் ஒரு நாள் வேலைகூட ஆகாது.

மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்டது. வீட்டுக்கே வந்து பிரஷர், சர்க்கரை பார்த்து மாத்திரையும் கொடுக்கிறார்கள். நான் லேப்டாப்பில் போட்ட கணக்கு செய்த கெடுதலை, பிரஷர் மெஷினோடு படியேறி வந்த ஒரு பெண்தான் கண்டுபிடித்தார். சாப்ட்வேர் எழுதுகிற எனக்கு இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

சிப்பிக் கணக்கைக் கேட்டு முடித்ததும் அப்பா சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்போ நான் எந்தச் சிப்பின்னு அந்த கம்ப்யூட்டருக்குத் தெரியாதுன்னு சொல்லு" என்றார்.

"தெரியாதுப்பா."

"அப்படின்னா மாத்திரையைப் போட்டுக்கிடுதேன்" என்றார்.

டாக்டரைப் பார்த்து மீண்டும் மாத்திரையைத் தொடங்கிவிட்டார். போன மாதம் பிரஷர் 132. உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கும் இந்த கால்குலேட்டரைப் போட்டுக் காட்டுங்கள். காட்டிவிட்டு, மாத்திரை டப்பாவையும் ஒரு முறை திறந்து பார்த்துவிட்டு ஊருக்குக் கிளம்புங்கள்.